பேச்சு மருந்தாகும் விதம்

மனச்சோர்வு, கடும் பதற்றம், நீங்காத அச்சம் ஆகியவற்றால் துன்புறுவோருக்கு, பயிற்சி பெற்ற ஒருவர் முறைப்படுத்தப்பட்ட உரையாடலின் வழியாகவும் பயிற்சிகளின் வழியாகவும் அளிக்கும் சிகிச்சையே உளவியல் சிகிச்சை எனப்படுகிறது. இதனை வெறும் ஆறுதலாகவோ அறிவுரையாகவோ கருதுவோர், பேசினால் நோய் தீருமா என்ற ஐயத்துடன் இதை ஒதுக்கிவிடுகின்றனர். ஆனால் கவலைப்படாதே என்ற அறிவுரையை நோயாளி வீட்டாரிடமும் நண்பர்களிடமும் முன்பே பலமுறை கேட்டிருப்பார். அது பயன்படாத நிலையில்தான் அவர் சிகிச்சையை நாடுகிறார். துன்பத்தைக் கையாளும் வழியை அவரே கற்றுத் தேறச் செய்வது இச்சிகிச்சையின் பணி. எதை, எவ்வாறு கற்பது என்பதில்தான் அதன் வகைகள் வேறுபடுகின்றன.

வியன்னாவில் தொடக்கம்

வியன்னா மருத்துவர்களான யோசப் பிராயரும் சிக்மண்ட் பிராய்டும் 1895-ல் வெளியிட்ட ஹிஸ்டீரியா பற்றிய நூலில், அன்னா ஓ என்ற புனைபெயரால் குறிக்கப்பட்ட பெண், தம் நோய்க்குறிகள் தோன்றிய சூழல்களை எடுத்துரைத்தபோது அவை தணிந்ததாகப் பதிவு செய்யப்பட்டுள்ளது. பிராய்டு பின்னர் வளர்த்தெடுத்த உளப்பகுப்பாய்வு, ஒருவர் அறியாமலேயே அவரை இயக்கும் ஆசைகளும் அச்சங்களும் நனவிலி மனத்தில் உறைகின்றன என்றும், அவற்றை உணரும்போது அவற்றின் பிடி தளர்கிறது என்றும் கொண்டது. வாரத்தில் பல நாட்கள் என ஆண்டுக்கணக்கில் நீண்ட அம்முறை, இன்று சுருங்கிய வடிவங்களிலும் வழங்கப்படுகிறது.

அச்சத்தை எதிர்கொள்ளல்

கடந்த காலத்தைத் தோண்டாமல் இப்போதைய பழக்கத்தையே மாற்ற முனைவது நடத்தைச் சிகிச்சை. தென்னாப்பிரிக்க மனநல மருத்துவர் யோசப் வோல்ப், உடல் தளர்ந்து அமைதியுற்றிருக்கும்போது அச்சம் மேலோங்க இயலாது என்ற அடிப்படையில், அஞ்சும் பொருளைப் படிப்படியாக எதிர்கொள்ளும் முறையை 1958-ல் நூலாக விளக்கினார். 1966-ல் லண்டனில் உளவியலாளர் விக்டர் மேயர், ஓசிடி என்று பரவலாக அறியப்படும் கட்டாயச் செயல் நோய்க்கு, எதிர்கொள்ளச் செய்வதோடு கட்டாயச் செயலைத் தடுக்கும் முறையையும் கையாண்டார்.

கிருமி அச்சத்தால் ஓயாமல் கை கழுவும் ஒருவர், தம்மை அச்சுறுத்துபவற்றை எளியதிலிருந்து கடியது வரை பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை பதற்ற மதிப்பெண் இடுகிறார். பின்னர், எடுத்துக்காட்டாக, கதவின் கைப்பிடியைத் தொட்டுவிட்டு, கை கழுவாமல் பொறுத்திருக்கிறார். முதலில் உச்சத்துக்கு ஏறும் பதற்றம், அஞ்சிய தீங்கு எதுவும் நேராத நிலையில் பெரும்பாலும் தானாகவே இறங்குகிறது. அவ்வாறு இறங்காத நாளிலும், அதைத் தாங்கிக்கொள்ள முடியும் என்பதை அவர் பட்டறிகிறார். ஆயிரம் சமாதானங்கள் கற்பிக்காததை அந்தக் காத்திருப்பு கற்பிக்கிறது.

எண்ணத்தைச் சோதித்தல்

உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்ற அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக், 1960-களில் பிலடெல்பியாவில் மனச்சோர்வுற்றோரை ஆராய்ந்தபோது, தம்மைப் பற்றியும் உலகைப் பற்றியும் எதிர்காலத்தைப் பற்றியும் இருண்ட எண்ணங்கள் அவர்களுக்குள் கணப்பொழுதில் எழுந்து, உண்மை போலவே ஏற்கப்படுவதைக் கண்டார். இதிலிருந்து வளர்ந்த அறிதல்முறைச் சிகிச்சை, நடத்தைச் சிகிச்சையுடன் இணைந்து இன்று சிபிடி என்ற பெயரில் பரவியுள்ளது. இதில் நோயாளி ஒரு தாளில் கட்டங்கள் வரைந்து, நிகழ்ந்தது, எழுந்த எண்ணம், அதனால் வந்த உணர்ச்சி, அவ்வெண்ணத்துக்குச் சாதகமான சான்று, எதிரான சான்று, இரண்டையும் எடைபோட்ட முடிவு என வரிசையாக எழுதுகிறார். மேலதிகாரி வணக்கத்துக்குப் பதில் சொல்லாததை 'நான் எதற்கும் உதவாதவன்' என்று விளங்கிக்கொண்டவர், அதற்கான சான்றை எழுத முற்படும்போதுதான் அக்கட்டம் ஏறத்தாழ வெறுமையாக இருப்பதைக் காண்கிறார்.

இத்தகைய கடினமான பயிற்சிக்கு நம்பிக்கை வேண்டும். சிகிச்சையாளரின் பரிவும், தீர்ப்பிடாத ஏற்பும், போலியற்ற நேர்மையும் மாற்றத்துக்கு இன்றியமையாதவை என 1957-ல் உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் வலியுறுத்தியதை, பிற மரபுகளைச் சார்ந்தோரும் பெரிதும் ஏற்கின்றனர். ஆயினும் கடும் மனச்சிதைவு, இருதுருவ மனநோய் போன்றவற்றுக்கு மருந்தே அடிப்படை. அங்கும் இச்சிகிச்சை துணைநிற்கிறது.

எளியோருக்கும் எட்டும்

இச்சிகிச்சை நகரத்து வசதி படைத்தோருக்கே உரியது என்ற எண்ணத்தைக் கோவாவில் நிகழ்ந்த ஆய்வு தகர்த்தது. ஆரம்பச் சுகாதார நிலையங்களில், மனநலத்துறைப் பின்புலம் இல்லாத உள்ளூர்வாசிகள் பயிற்சி பெற்று, மனச்சோர்வுற்றோர் கைவிட்ட அன்றாடச் செயல்களைத் திட்டமிட்டு மீட்கும் எளிய சிகிச்சையை ஆறு முதல் எட்டு அமர்வுகளில் அளித்தனர். மூன்று மாதங்களில், வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களுள் 39 விழுக்காட்டினரும், இச்சிகிச்சையையும் சேர்த்துப் பெற்றவர்களுள் 64 விழுக்காட்டினரும் நோய்க்குறி தணிந்த நிலையை எட்டினர்.

சிகிச்சையை நாடுவோர், சிகிச்சையாளரின் தகுதி என்ன, எந்த முறை, ஏறத்தாழ எத்தனை அமர்வுகள், முன்னேற்றம் எவ்வாறு அளக்கப்படும் என்று தயங்காமல் கேட்க வேண்டும். அவற்றுக்குத் தெளிவாக விடையளிப்பது சிகிச்சையாளரின் கடமை. அச்சிகிச்சையை ஆரம்பச் சுகாதார நிலையம் வரை கொண்டுசேர்ப்பது அரசின் கடமை.