காலி மனைப்பிரிவில் டிரிஃப்ட்: முதலில் யாருடைய சாலை என்று பாருங்கள்

மழை பெய்து ஓய்ந்தால் போதும், அதே வகை வீடியோ வந்துவிடுகிறது. ஊருக்கு வெளியே புதிதாகப் போட்ட மனைப்பிரிவு, ஆளில்லாத தார்ச்சாலை, ஹேண்ட்பிரேக்கை இழுத்து வட்டமடிக்கும் ஒரு கார், ஓரத்தில் கைதட்டும் நண்பர்கள். அப்படிப்பட்ட வண்டி ஒன்று மின்கம்பத்தில் சாய்ந்து கிடக்கும் படமும் பின்னாலேயே வரும். கேட்டால், “ரோடு காலியாத்தான் சார் இருந்துச்சு” என்பார்கள். காலியாக இருந்திருக்கும். ஆனால் ஒருமுறையாவது இறங்கி நடந்து பார்த்தீர்களா என்று கேட்டால் பதில் வராது.

தரையைப் பார்க்கும் முன் பார்க்க வேண்டியது வேறொன்று உண்டு. அது யாருடைய சாலை? மோட்டார் வாகனச் சட்டம், 1988, பொதுமக்களுக்குப் போகவர உரிமையுள்ள எந்த இடத்தையும் ‘பொது இடம்’ என்கிறது. அது முட்டுச்சந்தாக இருந்தாலும் சரி. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவின் சாலைகளை மனை போட்டவர் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்கு ஒப்படைத்துவிடுகிறார். வீடு ஒன்றும் எழும்பாவிட்டாலும் அது ஊராட்சியின் சாலைதான். ‘எங்க மாமா சைட்டு’ என்ற பேச்சு காவல்நிலையத்தில் எடுபடாது.

அங்கே டிரிஃப்ட் அடித்தால் பிரிவு 184 பாயும். முதல் முறைக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பந்தயம் என்றால் பிரிவு 189 தனி. ஓட்டியது 18 வயது நிரம்பாத பிள்ளை என்றால் பிரிவு 199ஏ பெற்றோரையும் வண்டியின் உரிமையாளரையும் பிடிக்கும்: 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், 12 மாதம் வண்டியின் பதிவு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை பழகுநர் உரிமம்கூடக் கிடையாது. சாவி கொடுக்கும் அப்பாக்கள் இதை இரண்டு முறை படிக்கவும்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பவர்கள் பாலிசியோடு வரும் சான்றிதழை எடுத்து, வாகனப் பயன்பாட்டு வரம்பு என்ற பகுதியைப் பார்க்க வேண்டும். ஒழுங்கு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை இவற்றுக்குக் காப்பீடு இல்லை என்று அங்கே அச்சிட்டிருக்கும். நிறுவனம் கைவிரிக்க அந்த வரி போதும். நீங்களே பெருமையாகப் போட்ட வீடியோ அதற்குச் சாட்சியாகும்.

இனி தரை. டிரிஃப்ட் என்பது பின்சக்கரங்களின் கிரிப்பை வேண்டுமென்றே விட்டு, ஆக்சிலரேட்டராலும் ஸ்டீயரிங்காலும் வண்டியைக் கட்டுக்குள் வைப்பது. நம் வீடுகளில் நிற்கும் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இழுவை. அதில் ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும், அவ்வளவே. வழுக்குவதைவிட ஆபத்து, வழுக்கல் திடீரென்று நிற்பது. ஈரத்தில் பக்கவாட்டாகப் போகும் வண்டி காய்ந்த இடத்துக்கு வந்ததும் டயர் தரையைக் கவ்வும். வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறதோ அந்தப் பக்கம் பாயும். சாலையோரக் கல்லில் சக்கரம் தட்டினால் உருளும். நீண்ட வெயிலுக்குப் பின் வரும் முதல் தூறலில் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து சாலை சோப்புத் தண்ணீர் ஊற்றிய குளியலறையாகிவிடும். லாரி சிந்திய எம்-சாண்ட், புதுத்தாரில் ஒட்டாத ஜல்லி, டீசல் கசிவின் வானவில் பளபளப்பு, வெயிலில் தார் கசிந்து மின்னும் கறுப்புத் திட்டு, ஈரமான வெள்ளைக் கோடு, மேன்ஹோல் மூடி: இவை காரின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் தெரியாது. செருப்புக்காலால் தேய்த்துப் பார்த்தால்தான் தெரியும். ஓரத்தையும் பாருங்கள். கோவை, திருப்பூர்ப் பக்கம் தோட்டத்தை மனையாக்கும்போது கிணற்றை மூடாமல் விட்டுவிடுகிறார்கள், சுற்றுச்சுவர்கூட இருக்காது.

நடந்து பார்த்துவிட்டேன், இனி அடிக்கலாமா என்று கேட்காதீர்கள். பொதுச் சாலையில் எவ்வளவு சுத்தமாகப் பார்த்தாலும் கூடாது. 2024 ஆகஸ்ட் 31 அன்று சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி அரசே சாலையை அடைத்து நடத்திய இரவுப் பந்தயம்கூட, சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பின் சான்றுக்காகக் காத்திருந்து தாமதமானது. ஆசை இருந்தால் இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிப்பாளையத்திலும் பந்தயத் தடங்கள் இருக்கின்றன. தனியார் வண்டிகளை எந்த நாளில் விடுவார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். போன பிறகு, ஆம்புலன்ஸ் நிற்கிறதா, அன்று காலை தடத்தைச் சோதித்தார்களா, கையெழுத்துப் போடச் சொல்லும் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். படிக்காமல் போட்டுவிட்டுப் பிறகு புலம்பாதீர்கள்.

உங்கள் தெருவில் இந்தக் கூத்து நடந்தால் முதலில் 100 அல்லது 112. அதோடு விடாமல், வண்டி எண், தேதி, நேரத்தோடு எழுத்துமூலம் புகார் கொடுத்து அதைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வருவது புகார் ஆகாது. “பசங்கதானே, பேசி அனுப்பிட்டோம்” என்று நிலையத்தில் மழுப்பினால், அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 173(4) தரும் வழி அது. அதற்கும் அசையாவிட்டால் அடுத்தது மாஜிஸ்திரேட். வேகத்தடை கேட்டு வட்டார வளர்ச்சி அலுவலருக்குத் தனி மனு கொடுங்கள். ஆளாளுக்கு எங்கிருந்தோ கல்லையும் சிமெண்டையும் கொண்டுவந்து போடும் வேகத்தடை அடுத்த விபத்துக்குக் காரணமாகும்.

இடிபட்டவர்களுக்கு ஒரு விஷயம். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட சட்டம் வைத்திருக்கும் கெடு 6 மாதம். சமாதானம் பேசிப்பேசியே அதைக் கடத்திவிடுகிறார்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல் தகவல் கொடுத்தவருக்கு இலவசம், கேட்டு வாங்குங்கள். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், காயச் சான்று, டிஸ்சார்ஜ் சுருக்கம், மருந்துச் சீட்டுகள், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, இடித்த வண்டியின் பதிவு எண், பாலிசி எண் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். விபத்து நடந்த ஊரில்தான் மனு போட வேண்டும் என்று அலைய வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான தீர்ப்பாயத்திலேயே போடலாம்.