பொய் இரைக்கு அந்தியில் பூச்சு

மரத்தில் கையால் செதுக்கிய பொய் இரை மீனின் பல் பட்டுத்தான் கெட்டுப்போகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பல்தடம் கண்ணுக்குத் தெரிவதால் அப்படித் தோன்றுகிறது. பெரும்பாலும் அதைக் கெடுப்பது தண்ணீர். முள் மாட்டும் கம்பி உடலைவிட்டு வெளிவரும் இடத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு விழும். சில முறை தண்ணீரில் போட்டெடுத்த பிறகு அதைச் சுற்றிப் பூச்சு வெளுத்துக் கொப்புளம் கட்டும். அப்புறம் இரை ஒருபக்கம் சாய்ந்து நீந்தும், மிதக்க வேண்டியது மெல்ல முழுகும். கடைகளில் 'லூர்' என்று விற்கும் இந்தச் சாமானைக் கையால் செய்கிறவர், செதுக்குவதில் காட்டும் பொறுமையில் பாதியையாவது தண்ணீர் உள்ளே போகும் வழியைப் புரிந்துகொள்வதில் காட்ட வேண்டும்.

திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் பொய் இரைக்கு நல்ல வேலை இருக்கிறது. முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது; தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவே ஸ்ரீரங்கம். மேட்டூர் அணை திறந்திருக்கும் மாதங்களில் கலங்கலான ஓட்டம். தண்ணீர் வடிந்தபின் கொள்ளிட மணலில் அங்கங்கே மடுக்கள். ஊருக்குள் உய்யக்கொண்டான் வாய்க்காலில் ஆகாயத்தாமரை. தேங்கிய நீரும் பாசியும் செடியும் உள்ள இடம்தான் விராலுக்குப் பிடிக்கும். விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன். மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டுப் போகும். நீர்ப்பரப்பில் துள்ளும் தவளையை அடித்து விழுங்கும். அதனால் உயிருள்ள தவளையை முள்ளில் கோத்துப் போடுவது விரால் பிடிப்பவர்களின் பழைய வழக்கம். வயல் பூச்சிகளைத் தின்னும் அந்தத் தவளைகள் குறைந்துபோவதைக் கண்டு, தவளைக்கால் ஏற்றுமதியையே 1987-இல் இந்தியா நிறுத்தியது. மரத்தில் செதுக்கிய தவளை ஒன்று ஒரு பருவம் தாங்கினாலும் அத்தனை உயிர்த்தவளைகள் பிழைக்கும். கூடவே சொல்ல வேண்டிய இன்னொன்று: செந்நிறமாகக் குஞ்சுக்கூட்டம் மிதக்கும் இடத்தில் எந்த இரையையும் வீசக்கூடாது. அங்கே காவல் நிற்பது பெற்ற மீன். அதைத் தூக்கிவிட்டால் குஞ்சுகள் மிஞ்சாது.

வரலாறு நீளமானது, பூச்சு விஷயத்தில் அதிகம் உதவாதது. 12-ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரனின் 'மானசோல்லாசம்' தூண்டில் போடுவதை அரச பொழுதுபோக்குகளில் ஒன்றாக விவரிக்கிறது. சென்னை மாகாண அதிகாரி எச்.எஸ். தாமஸ் 1873-இல் இந்தியாவில் தூண்டில் மீன்பிடிப்பு பற்றி ஒரு நூலும், 1887-இல் ஏரி குளங்களுக்கென்றே இன்னொரு நூலும் வெளியிட்டார். பின்லாந்துக்காரர் லௌரி ரப்பாலா 1936-இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளை ஒட்டி, புகைப்பட நெகட்டிவ்களை உருக்கி மேலே பூசினார் என்பது கைவேலைக்காரர்கள் அடிக்கடி சொல்லும் செய்தி. குளிர்நாட்டு ஏரிக்கு அது போதும். சித்திரை வெயிலில் கொள்ளிட மணலில் கிடக்கப்போகும் இரைக்கு வேறு கணக்கு வேண்டும்.

அந்தக் கணக்கு மரத்தில் தொடங்குகிறது. முள், கம்பி, ஈயம் எல்லாம் சேர்ந்த பிறகும் மிதக்க வேண்டுமானால் மரம் லேசாக இருக்க வேண்டும். வேலியில் நிற்கும் கல்யாண முருங்கையும் இலவமும் தண்ணீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அடர்த்திதான். செதுக்கச் சுலபம், ஆனால் நகம் பட்டாலே குழி விழும். மலைவேம்பும், தீக்குச்சிக்குப் போகும் பெருமரமும் நடுத்தரம். தேக்கு உறுதியானது, அதிலுள்ள எண்ணெய்ப்பசையோ பூச்சு காய்வதையும் ஒட்டுவதையும் கெடுக்கிறது. தஞ்சாவூர்க் கலைஞர்கள் உருவங்கள் செய்யும் நெட்டி எல்லாவற்றையும்விட லேசு. மிதவைக்கு நல்லது, ஆனால் விரால் இழுக்கும்போது கம்பியைப் பிடித்துக்கொள்ளும் வலு அதற்கு இல்லை. எந்த மரமானாலும் நிழலில் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.

ஈரம் பட்டால் மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் வீங்காது. மழைக்காலத்தில் இறுகும் ஜன்னல் கதவைச் சீவும் ஆசாரிக்கு இது தெரிந்த விஷயம். நார் ஓடும் நீளவாக்கில் வீக்கம் அநேகமாக இல்லை. குறுக்கே, வளையக் கோடுகளை ஒட்டிய திசையில் அது மிக அதிகம். நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் அதில் ஏறக்குறைய பாதி. மரத்தின் ஈரம் அதன் உலர் எடையில் சுமார் 30 சதவீதத்தை எட்டும்வரை வீக்கம் தொடரும். 2 செ.மீ. தடிமனுள்ள உடல் முழுக்க ஊறினால் அரை மில்லிமீட்டர் வரைகூடப் பருத்துவிடும். மேலே இறுகிக் கிடக்கும் பூச்சால் அவ்வளவு நீள முடியாது, அது வெடிக்கிறது. வெடித்த இடத்தில் இன்னும் தண்ணீர், இன்னும் வீக்கம். இத்தனைக்கும் தொடக்கம் ஊசிமுனை அளவுள்ள ஒரு துளை.

அந்தத் துளை வழியாகத் தண்ணீர் கசிந்து போகிறது என்று சொன்னால் பாதி உண்மைதான். இரை அதை உறிஞ்சி இழுக்கிறது. கல்யாண முருங்கை போன்ற மரத்தில் கட்டையின் கன அளவில் ஏறக்குறைய 80 சதவீதம் வெறும் காற்று. செல் சுவர்களின் பங்கு மீதி 20 மட்டுமே. வெயிலில் மணல்மீது கிடக்கும் கறுப்பு முதுகுள்ள இரை 60 டிகிரி செல்சியஸ் வரை சுடலாம். அப்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து, ஊசித் துளை வழியாகக் கொஞ்சம் வெளியேறுகிறது. பிறகு 30 டிகிரியில் இருக்கும் ஆற்றுத் தண்ணீரில் இரை விழுகிறது. மீதிக் காற்று குளிர்ந்து சுருங்க, உள்ளழுத்தம் சுமார் 9 சதவீதம் குறைகிறது. எண்ணிக்கை சின்னதாகத் தெரியும். ஆனால் வளிமண்டல அழுத்தம் ஏறக்குறைய 10 மீட்டர் உயரத் தண்ணீரின் எடைக்குச் சமம். அதில் 9 சதவீதம் என்றால் 90 செ.மீ. நீர்ப்பரப்பில் மிதந்துகொண்டிருக்கும் இரையின் துளையில், இடுப்பளவு ஆழத்தில் இருக்கும் அழுத்தத்தோடு தண்ணீர் உள்ளே தள்ளப்படுகிறது.

சூடான சாம்பாரை எவர்சில்வர் தூக்கில் ஊற்றி உடனே மூடிவிட்டால், ஆறியபிறகு மூடி திறக்க வராது. உள்ளே இருந்த காற்றும் ஆவியும் குளிர்ந்து அழுத்தம் குறைய, வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. அந்த மூடியில் ஓர் ஊசித் துளை இருந்து, சூடான தூக்கைத் தண்ணீர்த் தொட்டிக்குள் கவிழ்த்தால், ஆறஆறத் தண்ணீர் அந்தத் துளை வழியாக ஏறும். மரத்துண்டை இப்படிப்பட்ட குட்டித் தூக்குகளை லட்சக்கணக்கில் நீளவாக்கில் அடுக்கிய கட்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு தூக்குக்கும் அடுத்ததற்கும் நடுவில் சின்னஞ்சிறு வாசல்கள். சில திறந்தவை, சில அடைத்தவை. அதனால் ஒரே முழுக்கில் கட்டு முழுவதும் நிரம்பிவிடாது. துளைக்குப் பக்கத்திலுள்ள வரிசைகள் முதலில் நிரம்பும். அடுத்த வெயிலில் அங்கிருந்து காற்றும் ஆவியும் வெளியேறும், அடுத்த முழுக்கில் இன்னும் தள்ளியுள்ள வரிசைகள் நிரம்பும். ஒவ்வொரு வீச்சுக்கும் நடுவே வெயிலில் போட்டு வைப்பவர், தமக்குத் தெரியாமலே இந்தப் பம்பை அடித்துக்கொண்டிருக்கிறார்.

இரையைச் செய்கிறவர் இதே பம்பைத் தமக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்ள முடியும். ஒரு நல்ல பொய் இரைக்கும் சாதாரண இரைக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான்.

செதுக்கி உப்புத்தாள் போட்ட உடலில் முதலில் எல்லாத் துளைகளையும் வெட்டுகளையும் முடித்துவிட வேண்டும். மூக்கிலிருந்து வால்வரை ஒரே எவர்சில்வர் கம்பி ஓட வேண்டும். தனித்தனி வளைய ஆணிகளைத் திருகினால் ஒவ்வோர் ஆணியும் நாருக்குள் ஒரு வாய்க்கால் வெட்டுகிறது. வயிற்றில் ஈயக்குண்டுக்குக் குழி. ஈயம் நஞ்சு என்பதால் வெளியே தெரியாதபடி முழுக்கப் புதைந்திருக்க வேண்டும். ஆழத்துக்கு இறங்கும் இரையானால் மூக்குக்குக் கீழே நாக்குத் தகடு. பழைய சி.டி. இதற்கு நன்றாக உதவும், அது 1.2 மி.மீ. கனமுள்ள பாலிகார்பனேட். அசிட்டோன் கலந்த தின்னரால் அதைத் துடைத்தால் வெடிப்பு ஓடி உடையும். ஆகாயத்தாமரைக்கு நடுவே வீசும் தவளைக்குத் தகடு வேண்டாம். முட்கள் மேல்நோக்கி முதுகை ஒட்டிக் கிடந்தால் செடியில் மாட்டாது. விளிம்புகள் எல்லாம் மழுங்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது பூச்சு, பரப்பு இழுவிசையால் கூர்விளிம்பைவிட்டு விலகிவிடும். பார்வைக்கு மூடியதுபோல் தெரியும் விளிம்பில் உண்மையில் மெல்லிய படலம்தான் மிஞ்சும். முதல் வெடிப்பு அங்கே விழும்.

அடுத்தது மரத்தை அடைப்பது. உடலைக் கை பொறுக்கும் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, நீர்த்த சீலரிலோ ஆளிவிதை எண்ணெயிலோ முழுக்க அமிழ்த்தி அப்படியே ஆறவிட வேண்டும். ஆறும்போது காற்று சுருங்கி, ஆற்றுத் தண்ணீர் பிடிக்கவிருந்த அறைகளில் பூச்சு போய் உட்கார்ந்துகொள்கிறது. தந்திக் கம்பங்களுக்கும் வேலிக் கம்பங்களுக்கும் மருந்து ஏற்ற இதே சூடு-குளிர் முறை பயன்பட்டிருக்கிறது. எடுத்தபின் நுனிகளைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். நார் வெட்டுப்பட்ட மூக்கும் வாலும் கறுத்து, ஈரம் பட்ட கல்போல் இருக்கும். பக்கவாட்டில் நிறம் அவ்வளவு மாறியிருக்காது. நுனிகளுக்கு மட்டும் இரண்டாம் முறை தொட்டு வைப்பது நல்லது. தீப்பற்றும் தின்னர் கலந்த எதையும் அடுப்பங்கரையில் செய்யக்கூடாது. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து காய்வது. அதற்கு நாட்கள் ஆகும், வெப்பமும் வெளிவரும். அந்த எண்ணெயைத் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துத்தான் எறிய வேண்டும்.

பட்டி பார்த்து, வெள்ளை பிரைமர் அடித்து, வண்ணம் தீட்டுவது கண்ணுக்கு இனிய கட்டம். கொசுவலைத் துணியை உடல்மேல் இறுக்கிப் போர்த்தி அதன்மேல் தெளித்தால் செதில் வரிசை அச்சாக விழும். இதில் மணிக்கணக்காகச் செலவழிப்பது செய்கிறவரின் மகிழ்ச்சிக்காக. மேட்டூர்த் தண்ணீர் வந்து கலங்கிய ஆற்றில் ஒரு சாண் ஆழத்திலேயே நிறங்கள் மங்கிவிடும். மீன் பக்கக்கோட்டு உறுப்பால் நீரின் அதிர்வையும், கண்ணால் மேலே தெரியும் நிழல்வடிவையும் பிடிக்கிறது. பெட்டிமேல் அச்சடித்த 'மீனைக் கிறுக்குப் பிடிக்க வைக்கும் நிறம்' என்பதற்கோ 'நானோ பூச்சு' என்பதற்கோ ஆதாரம் கேட்டால் கிடைப்பதில்லை. எப்பாக்சி உட்பட எந்தப் பூச்சும் ஈரத்தை அடியோடு நிறுத்தாது, வேகத்தைக் குறைக்கும். அது எவ்வளவு கனமாக, எவ்வளவு துளையில்லாமல் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

மேற்பூச்சான எப்பாக்சியில் பம்பு மறுபடி தலைகாட்டுகிறது. ரெசினையும் ஹார்டனரையும் கலந்து காலை 9 மணிக்குப் பூசி வைத்தால், பகல் ஏற ஏற மரம் சூடாகி உள்காற்று விரிந்து, இறுகிக்கொண்டிருக்கும் பூச்சுக்குள் குமிழாக எழும். குமிழ் உடையும் நேரத்தில் எப்பாக்சி கெட்டியாகியிருந்தால் அந்தப் பள்ளம் மூடாது. கொள்ளிடத்தில் வேலை செய்யப்போகும் ஊசித் துளை அங்கேயே பிறந்துவிட்டது. மாறாக, வெயில் தணிந்த அந்தி நேரத்தில், மரம் ஆறிக்கொண்டிருக்கும்போது பூசினால் உள்காற்று சுருங்கிப் பூச்சை மரத்தை நோக்கி இழுக்கும். மரப்படகு செய்கிறவர்கள் எப்பாக்சியை வெப்பம் இறங்கும் நேரத்தில் பூசச் சொல்வது இதனால்தான். புற ஊதா விளக்கில் நொடிகளில் இறுகும் ரெசினை வாங்கி, விளக்குக்குப் பதில் திருச்சி வெயிலில் வைப்பவர்கள் சூட்டையும் இறுகலையும் ஒரே நேரத்தில் வரவழைத்துக்கொள்கிறார்கள். குமிழுக்கு அதைவிட வசதியான ஏற்பாடு இல்லை.

வெப்பம் 10 டிகிரி கூடினால், கலந்த எப்பாக்சியைப் பூசக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். அதனால் கோடையில் சிறு அளவாகக் கலக்க வேண்டும். விகிதத்தைக் கண்ணளவில் விட்டால் பிசுபிசுப்பு என்றைக்கும் போகாது. ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் வேறு தொல்லை. ஹார்டனரிலுள்ள அமீன், காற்றின் கரியமில வாயுவோடும் ஈரத்தோடும் சேர்ந்து மேலே மெழுகுபோல் படியும். அதை வெந்நீரில் கழுவி, உப்புத்தாள் தேய்த்த பிறகே அடுத்த பூச்சு ஒட்டும். பூசிய இரை அசையாமல் தொங்கினால் பூச்சு வயிற்றுப் பக்கம் வழிந்து சேர்ந்து, முதுகு மெலிந்துவிடும். அது கெட்டியாகும்வரை படுக்கைவாட்டில் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பழைய மைக்ரோவேவ் அடுப்பில் தட்டைச் சுற்றும் சின்ன மோட்டாரின் வேகம் இதற்குச் சரியாக இருக்கும். இணைப்பை மின்வேலை தெரிந்தவர் கொடுக்க வேண்டும்.

கடையில் வாங்கியதானாலும் கையால் செய்ததானாலும் சோதனை ஒன்றுதான். முட்களைக் கழற்றிவிட்டு, 0.1 கிராம் காட்டும் தராசில் எடை பார்க்க வேண்டும். அரைமணி நேரம் வெயிலில் வைத்து, சூட்டோடு வாளித் தண்ணீரில் அமுக்கிப் பிடித்தால், குமிழ் வரிசையாக எழும் இடம்தான் துளை. அப்படியே ஓர் இரவு ஊறவைத்து, துடைத்து, மறுபடி எடை பார்க்க வேண்டும். கூடிய எடை முழுவதும் உள்ளே போன தண்ணீர். துளை தெரிந்தவுடன் அதன்மேல் பசையைத் தடவுவது தவறு. உள்ளே சிக்கிய ஈரம் அடுத்த வெயிலில் ஆவியாகிப் பூச்சைத் தூக்கும். கொப்புளத்தைக் கத்தியால் திறந்து, தளர்ந்த பூச்சை உரித்து, நிழலில் காயவிட்டு, எடை குறைவது நின்று இரண்டு நாள் ஒரே எண் காட்டியபின் மரத்தை வெதுவெதுப்பாக்கிச் சீலரைத் தொட்டு வைக்கலாம். எப்பாக்சியை அன்று அந்தியில் பூசலாம்.