கண்ணைத் தேடும் கேமரா

உருவப்படத்தில் ஆடையின் ஓரம் மங்கினால் நாம் பொறுத்துக்கொள்கிறோம். கண் மங்கினால் படத்தையே ஒதுக்கிவிடுகிறோம். வெளிச்சக் குறையைப் பின்னர் ஓரளவு திருத்தலாம். தெளிவு தப்பிய கண்ணை மீட்பதோ அரிது. முதிர்ந்த பெற்றோரின் படம் ஒன்றே பேரப்பிள்ளைகளுக்கு எஞ்சும் வீடுகள் பல. ஆகவே இது சிறு செய்தி அன்று.

தானே தெளிவை அமைத்துக்கொள்ளும் கேமரா, 1977-இல் வெளிவந்த கோனிகா சி35 ஏஎஃப் வாயிலாகப் பொதுமக்களின் கைக்கு எட்டியது. ஆயினும் அதற்கு முகமும் சுவரும் ஒன்றே. நடுவில் இருப்பதன் தூரத்தையே அது அளந்தது. இருவர் இடைவெளிவிட்டு நின்றால், அவ்விடைவெளியில் தெரியும் சுவர் தெளிவாக, முகங்கள் மங்கின.

2001-ஆம் ஆண்டில் பால் வயோலா, மைக்கேல் ஜோன்ஸ் என்னும் இருவர் விரைந்து முகம் காணும் வழியொன்றை வெளியிட்டனர். கண்கள் உள்ள பகுதி கன்னங்களைவிட இருண்டிருக்கும். மூக்குத்தண்டு இரு கண்களையும்விட வெளுத்திருக்கும். இத்தகைய ஒளி வேறுபாடுகளைக் கணினி அடுத்தடுத்துச் சோதித்து, முகமல்லாதவற்றை உடனே தள்ளிவிடும். 2005-இல் நிக்கான் கூல்பிக்ஸ் கேமராக்களில் முகமறியும் வசதி வந்தது. 2013-இல் வெளிவந்த சோனி ஏ7 கண்ணையே குறிவைத்தது.

முகம் போதாதா, கண் எதற்கு என வினவலாம். 85 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 1.8 அளவில் திறந்து, 2 மீட்டர் தூரத்தில் இருப்பவரைப் படமெடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 6 சென்டிமீட்டரே. மூக்கு நுனியில் தெளிவு விழுந்தால் கண்கள் அவ்வெல்லையின் விளிம்புக்குப் போய்விடும். அமர்ந்திருப்பவர் சற்றே முன்சாய்ந்தாலும் அதே கதிதான்.

இவ்வசதியை நன்கு பயன்படுத்தச் சில முறைகளைக் காண்போம். தொடர்ந்து பின்பற்றும் ஏஎஃப்-சி நிலையைத் தேர்ந்துகொண்டால், அசைபவரின் கண்ணையும் கேமரா விடாது தொடரும். முகம் ஒருபுறம் திரும்பியிருப்பின், நமக்கு அருகிலுள்ள கண்ணைத் தேர்தல் வேண்டும். ஓடியாடும் குழந்தைக்கு ஷட்டர் வேகம் நொடியில் 250-இல் ஒரு பங்கேனும் இருக்கட்டும். இல்லையேல் கண்ணைக் கண்டும் படம் அசைந்துவிடும்.

மூக்குக்கண்ணாடியில் வெளிச்சம் பளிச்சிட்டால் கேமரா தடுமாறும். தாடையைச் சற்றுத் தாழ்த்தச் சொன்னாலே பெரும்பாலும் போதும். சன்னலுக்கு எதிரே நிற்பவரின் முகம் இருண்டு போகும். அவரை வெளிச்சத்தின் பக்கம் திருப்புவதே நலம். குடும்பமாக எடுக்கையில் கேமரா ஒருவரின் கண்ணில்தான் நிலைகொள்ளும். பிறரும் தெளிய வேண்டுமாயின், அனைவரையும் கூடியவரை ஒரே வரிசையில் நிறுத்தி, எஃப் 5.6 அல்லது எஃப் 8 வைப்போமாக. எடுத்தபின் படத்தைப் பெரிதாக்கிக் கண்களைச் சோதித்தபிறகே அவர்களை எழ விடுதல் நன்று.

கண் எங்குள்ளது என்பதைக் கருவி கண்டறியும். அக்கண்ணில் மலர்ச்சியைக் கொணர்வது அதன் வேலையன்று. முன்பு லென்ஸைத் திருகுவதில் கழிந்த கவனம் இன்று நமக்கு மிச்சமாகிறது. அதைக் கொண்டு, எதிரே அமர்ந்திருக்கும் பாட்டியிடம் நாலு வார்த்தை பேசுவோம். அவர் பதில் சொல்லிச் சிரிக்கும்போது பொத்தானை அழுத்துவோம்.