எந்தக் கிட்டப்பா?

சங்கீத ரஸிகர்கள் சண்டை போட்டுக்கொள்வதற்குப் பெரிய காரணம் ஒன்றும் வேண்டியதில்லை. எந்த வித்வான் பெரியவர், எந்த ராகம் உயர்ந்தது என்று ஆரம்பித்தால் காப்பி ஆறிப் போகும் வரையில் பேசலாம். ஆனால் ஒரே வித்வான், ஒரே பாட்டு, ஒரே நாளில் ஒரே அறையில் பாடியது. அதைப் பற்றி ஒரு குடும்பத்தில் தாத்தாவும் பேரனும் மூன்று மாதமாகப் பேச்சு வார்த்தையில்லாமல் இருந்தார்கள் என்றால், போய்ப் பார்க்கத்தானே வேண்டும்? அதற்காகவே ராஜபாளையத்தை அடுத்த சோழபுரத்துக்குச் சென்றேன்.

பெரியவருக்கு வயது எண்பத்தெட்டு. மேற்கே மலை தெரியும் திண்ணையில் சாய்வு நாற்காலி. உள்ளே ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் நாற்பத்து மூன்று கிராமபோன் பிளேட்டுகள். அவருடைய தகப்பனார் வாங்கிச் சேர்த்தவை. அவற்றில் பதினொன்று செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவினுடையவை.

கிட்டப்பாவை அறியாத இளைய நேயர்களுக்காக இரண்டு வார்த்தை. அவர் 1906-ஆம் வருஷம் செங்கோட்டையில் பிறந்தார். அக்காலத்தில் செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1956-இல்தான் தமிழ் நாட்டோடு இணைந்தது. சோழபுரத்திலிருந்து பஸ் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரப் பிரயாணம். சிறு பிள்ளையாக நாடக மேடை ஏறியவர், இருபது வயதுக்குள் தமிழ் நாட்டையும் இலங்கையையும் தம் குரலால் கட்டிப் போட்டார். கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளும் அவரும் சேர்ந்து நடித்த நாடகங்களுக்கு ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். 1933 டிசம்பரில், இருபத்தேழே வயதில், அவர் காலமானார். பேசும் படம் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தது. அகில இந்திய ரேடியோ என்ற பெயரே 1936-இல்தான் வந்தது. ஆகவே கிட்டப்பா என்று இன்று நமக்கு எஞ்சியிருப்பது அரக்குப் பிளேட்டுகளில் பதிந்த குரல் ஒன்றே. அந்தக் குரல் மாறினால் கிட்டப்பாவே மாறினாற்போலத்தான். தாத்தாவுக்கும் பேரனுக்கும் வந்த தகராறும் இதுதான்.

பேரன் பெங்களூரில் உத்தியோகம் பார்ப்பவன். தாத்தாவின் பிறந்த நாளுக்கு ஆசையோடு கிட்டப்பா பாட்டுகள் அடங்கிய குறுந்தகடு ஒன்று வாங்கி வந்தான். போட்டுக் காட்டினான். பெரியவர் ஒரு நிமிஷம் கேட்டார்.

"யாரடா இந்தப் பையன்?" என்றார்.

"கிட்டப்பாதான் தாத்தா! சுத்தமாக இரைச்சலை எடுத்துவிட்டுப் போட்டிருக்கிறார்கள்."

"இரைச்சலை எடுத்தார்கள், சரி. கிட்டப்பாவையும் எதற்கு எடுத்தார்கள்?"

அன்று எழுந்து போன பேரன், நான் போன தினத்தில்தான் மறுபடி அந்தத் திண்ணையில் உட்கார்ந்தான். சும்மா வரவில்லை, ஆயுதங்களுடன் வந்திருந்தான். மின்சாரத்தில் சுழலும் தட்டுமேடை ஒன்று, ஊசிகள், கம்ப்யூட்டர், அத்துடன் பழைய குறுந்தகடு இன்னொன்று. செல்போனில் இலவசமாகக் கிடைக்கும் பதிப்பும் அவனிடம் இருந்தது. பெரியவரின் பங்குக்குச் சாவி கொடுக்கும் பழைய கிராமபோன் இருந்தது. பரீட்சைக்கு எடுத்துக்கொண்ட பாட்டு, தியாகராஜ ஸ்வாமிகளின் "எவரனி". கிட்டப்பாவின் பெயரைச் சொன்னதும் பழைய ரஸிகர்கள் தலையசைப்பது அந்தக் கிருதிக்குத்தான்.

குறுந்தகடுகளை வெளியிட்ட கம்பெனிகளின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. அவற்றை முதல் தகடு, இரண்டாம் தகடு என்றே அழைப்போம். முதல் தகடு முப்பது வருஷத்துக்கு முந்தியது. இரண்டாவது, பேரன் வாங்கி வந்த புதியது.

முதல் தகட்டில் மழை பெய்கிறது. ஆம், ஓட்டுக் கூரையின்மேல் தூறல் விழுகிற மாதிரி ஒரு சத்தம் ஆரம்பத்திலிருந்து கடைசி வரையில் இருக்கிறது. ஆனால் அந்தத் தூறலுக்கு நடுவே ஒரு மனிதர் நின்று பாடுகிறார். அவர் மூச்சு வாங்குவது தெரிகிறது. பிருகா உதிரும்போது ஒவ்வொரு மணியும் தனித் தனியாக விழுகிறது.

இரண்டாம் தகட்டில் தூறல் இல்லை. குரல் பளபளவென்று இருக்கிறது. ஆனால் கிட்டப்பாவை யாரோ ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிவிட்டாற்போல் தோன்றுகிறது. "ஸ" என்ற எழுத்தும் "ச" என்ற எழுத்தும் மழுங்கிப் போய்விட்டன. பிருகாக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இழைகின்றன. போதாக்குறைக்கு, பாடுகிறவர் பதினான்கு வயதுப் பையனைப் போலிருக்கிறார்! பெரியவர் கேட்டது நியாயமான கேள்வி என்று எனக்கே தோன்றிவிட்டது.

செல்போனிலிருந்த பதிப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நாடா ஒன்றிலிருந்து எடுத்து, கோயில் மண்டபத்தில் பாடுவதுபோல் எதிரொலியும் சேர்த்திருந்தார்கள். அந்த எதிரொலி கிட்டப்பாவுக்குச் சொந்தமல்ல.

இரைச்சல் போனதும் எழுத்தின் கூர்மையும் போவதற்குக் காரணம் எளிது. பிளேட்டின் கீறல் ஒலியும், மனிதக் குரலில் "ஸ" காரத்தின் சீறலும் ஏறக்குறைய ஒரே உச்சஸ்தாயியில் வசிக்கின்றன. 1925-க்கு முன் மின்சாரமில்லாத காலத்தில், பாடகர் ஒரு பெரிய புனலுக்குள் கத்திப் பாட வேண்டும். அதில் பதிந்த உச்ச ஒலிகள் மிகவும் சொற்பம். மைக்கு வந்த பிறகு நிலைமை எவ்வளவோ உயர்ந்தது. என்றாலும் இன்றைய பதிவோடு ஒப்பிட்டால் அதுவும் ஏழைச் சொத்துத்தான். அந்தச் சொத்தின் மேல் விளிம்பை ஒரே வெட்டாக வெட்டினால் கீறலோடு எழுத்தும் போகிறது. களை பிடுங்குகிறவன் நாற்றையும் பிடுங்கினாற்போல.

கருவியைக் குறை சொல்லக் கூடாது. இதே கம்ப்யூட்டர் வித்தையைக் கொண்டு 1976-இல் அமெரிக்காவில் தாமஸ் ஸ்டாக்ஹாம் என்பவர், இத்தாலிய மகாவித்வான் கரூஸோவின் புனல் காலத்துப் பதிவுகளைச் சீர்திருத்தினார். அவர் செய்தது புனலால் ஏற்பட்ட தகரத் தொனியைக் கணக்கிட்டுக் கழித்ததுதான். இங்கிலாந்தின் பீட்டில்ஸ் கோஷ்டியாரின் பாட்டுகள் 1987-இல் முதன் முதலாகக் குறுந்தகடாக வந்தன. 2009-இல் திரும்பச் செப்பனிட்டு வெளியிட்டார்கள். எது நல்ல பதிப்பு என்று அந்நாட்டு ரஸிகர்கள் இன்னமும் மல்லுக் கட்டுகிறார்கள். ஆனால் அவர்களிடம் மூல நாடா பத்திரமாக இருக்கிறது. ஒரு பதிப்புக் கெட்டால் மறு பதிப்புப் போடலாம். நம்முடைய பழைய பாட்டுகளில் பலவற்றுக்கு மூலம் என்பது எவர் வீட்டுப் பரணிலோ கிடக்கும் தேய்ந்த பிளேட்டுத்தான்.

பதினான்கு வயதுப் பையன் எங்கிருந்து வந்தான்? இந்தக் கேள்விக்கு விடை காணத்தான் அன்று மத்தியானம் முழுவதும் சென்றது.

பேரன் முதலில் கடிகாரத்தைப் பிடித்தான். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரையில், பிளேட்டின் ஒரு பக்கம் முதல் தகட்டில் 3 நிமிஷம் 20 விநாடி. இரண்டாம் தகட்டில் 3 நிமிஷம் 9 விநாடி. பதினொரு விநாடியை யாரும் வெட்டவில்லை. பாட்டே வேகமாக ஓடுகிறது. கணக்குப் பார்த்தால் நூற்றுக்கு ஆறு பங்கு வேகம் அதிகம். நூற்றுக்கு ஆறு என்றால் ஸ்ருதி ஒரு ஸ்வரஸ்தானம் ஏறிவிடும். அதாவது ஆர்மோனியத்தில் பக்கத்துக் கட்டைக்குத் தாவிவிடும். கிட்டப்பாவின் உச்ச ஸ்ருதியைப் பற்றி எத்தனை கதைகள் வழங்குகின்றன! அவற்றில் எவ்வளவு அவர் தொண்டையில் இருந்தது, எவ்வளவு மேடையைச் சுழற்றியவரின் கையில் இருந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

"பிளேட்டில் 78 என்று இருக்கிறதே, அதன்படி ஓட்டினால் போயிற்று" என்று நேயர்கள் நினைக்கலாம். அங்கேதான் சங்கடம். நிமிஷத்துக்கு 78 சுற்று என்பது பிற்காலத்தில் நிலைத்த வழக்கம். 1920-களில் கம்பெனிக்குக் கம்பெனி வேகம் மாறியது. கொலம்பியா போன்ற கம்பெனிகள் 80 சுற்று என்று போட்டதும் உண்டு. பதிவு செய்த யந்திரம் அன்று எப்படிச் சுழன்றதோ, அதுதான் உண்மையான வேகம்.

பேரன் வட்டமான காகிதம் ஒன்றைப் பிளேட்டின்மேல் வைத்தான். அதில் ஓரம் சுற்றிலும் 77 கறுப்புக் கோடுகள். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை திசை மாறி வருகிறது. அதனால் விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கிறது. அந்த வெளிச்சத்தில் கோடுகள் அசையாமல் நின்றால் மேடை ஏறக்குறைய 78 சுற்றில் ஓடுகிறது என்று அர்த்தம். பழைய குழல் விளக்கு ஒன்றை ஏற்றினோம். கோடுகள் நின்றன. ஊசியை வைத்தான். 3 நிமிஷம் 20 விநாடி. முதல் தகடு ஜயித்தது!

இல்லை, இன்னும் இல்லை. பின்னணியில் ஆர்மோனியம் கேட்கிறதே, அதை வைத்துச் சரி பார்க்கலாம் என்று நான் யோசனை சொன்னேன். வீட்டிலிருந்த பெட்டியோடு ஒத்துப் பார்த்ததில், முதல் தகட்டின் ஸ்ருதி ஒரு கட்டையில் சரியாக உட்கார்ந்தது. சபாஷ் என்றேன். "இரண்டாவதும் அடுத்த கட்டையில் சரியாகத்தானே உட்காரும்?" என்றான் பேரன். நான் வாயை மூடிக்கொண்டேன். இரண்டுக்கும் நடுவில் விழுகிற பதிப்பாக இருந்தால் அது தவறு என்று ஆர்மோனியம் காட்டிக் கொடுத்திருக்கும். முழு ஸ்தானம் தள்ளி நிற்கும் இரண்டில் எது உண்மை என்று அதனால் சொல்ல முடியாது.

அப்புறம் காதுதான் கதி. வேகம் ஏறினால் ஸ்ருதி மட்டும் ஏறுவதில்லை. "ஆ" "ஓ" என்ற உயிரெழுத்துக்களின் உருவமே மாறுகிறது. பெரிய மனிதர் வாயின் "ஆ" வேறு, குழந்தையின் "ஆ" வேறு. இரண்டாம் தகட்டில் அகாரங்கள் எல்லாம் சிறு பிள்ளையின் வாயிலிருந்து வந்தன. மிருதங்கத்தின் தொப்பியும் உடுக்கைபோல் கூவியது. பேரன் வேகத்தை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தான். 78-க்கு அருகில் வந்ததும் பெரியவர் கையைத் தூக்கினார். மேலும் குறைத்தபோது, "தூங்குகிறார்" என்றார். இந்த மாதிரி நான்கு முறை, அவர் கண்ணில் படாமல் யந்திரத்தைத் திருப்பிச் சோதித்தோம். நான்கு முறையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் கை எழுந்தது.

ஊசியின் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய பிளேட்டின் பள்ளம், பிற்காலத்து நெடுந்தட்டின் பள்ளத்தைப்போல் சுமார் மூன்று மடங்கு அகலம். நெடுந்தட்டுக்குரிய மெல்லிய ஊசியைப் போட்டால் அது பள்ளத்தின் அடியில் போய்க் குப்பையைத்தான் வாசிக்கும். அதற்குரிய தடித்த ஊசி பக்கச் சுவரைத் தொட்டு ஓடும்; ஊசியின் பருமனை மாற்றி, இரும்பு ஊசி தேய்க்காத உயரத்தைத் தேடிப் பிடிக்கவும் முடியும். அதைப் போட்டவுடனேயே, கம்ப்யூட்டரின் தயவில்லாமல், பாதித் தூறல் நின்றுவிட்டது. அதற்கு முன் பிளேட்டைக் குளிப்பாட்டியிருந்தோம்: சுத்தமான தண்ணீரில் துளி சோப்பு, மெத்தென்ற துணி, பள்ளத்தின் போக்கிலேயே துடைப்பு. வீட்டில் பழைய பிளேட்டு வைத்திருப்பவர்கள் ஸ்பிரிட்டை மாத்திரம் தொடாதீர்கள். பிளேட்டு அரக்கினால் ஆனது. ஸ்பிரிட்டில் அரக்குக் கரையும், கிட்டப்பாவும் உடன் கரைவார்.

மாலையில் பெரியவர் தம்முடைய சாவி கிராமபோனை எடுத்து வைக்கச் சொன்னார். எழுபது வருஷமாகத் தாம் கேட்ட கிட்டப்பா அதில்தான் இருக்கிறார் என்றார். வைத்தோம். ஆரம்பம் அபாரம். அந்தப் புனலின் முன் எந்தக் குறுந்தகடும் நிற்காது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் வில் தளரத் தளர வேகமும் தளர்ந்து, கடைசியில் கிட்டப்பா அரை ஸ்தானம் கீழே இறங்கியே முடித்தார்.

பேரன் சிரித்தான். "உங்கள் கிட்டப்பாவும் அசல் இல்லையே, தாத்தா?"

"இல்லைதான்" என்று பெரியவர் ஒப்புக்கொண்டார். "ஆனால் முடிகிற இடத்தில் அவர் இறங்குவது இந்த வில்லின் களைப்பு என்று எனக்குச் சின்ன வயசிலேயே தெரியும். அந்தத் தகட்டில் என்ன செய்திருக்கிறார்கள் என்று வாங்குகிறவனுக்குச் சொன்னார்களா?"

தகட்டின் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். எந்தப் பிளேட்டிலிருந்து எடுத்தது, எந்த வேகத்தில் ஓட்டியது, எதை நீக்கியது என்று ஓர் எழுத்து இல்லை. நாடகக் கொட்டகையின் வர்ணப் படம் மட்டும் அழகாக இருந்தது.

இரவு பேரன் வேலையை ஆரம்பித்தான். ஒவ்வொரு பிளேட்டுக்கும் இரண்டு பதிப்பு. ஒன்று, பிளேட்டிலிருந்து வந்தது வந்தபடி, கீறல் உள்பட, கை வைக்காமல். மற்றொன்று, சுருக் சுருக்கென்று குத்தும் கீறல்களை மட்டும் ஒவ்வொன்றாக நீக்கியது. இரண்டிலும் ஊசியின் பருமன், சுற்று, தேதி எல்லாம் எழுதி வைக்கிறான்.

"எவரனி" பிளேட்டில் ஓரிடத்தில் பழைய வெடிப்பு ஒன்று உண்டு. ஊசி அங்கே வந்ததும் ஒரு சுற்றுத் தாண்டிக் குதிக்கும். அந்த வீட்டுக் குழந்தைகள் எல்லோரும் அந்தக் குதிப்போடேயே பாட்டைக் கற்றுக்கொண்டார்களாம். பெரியவரின் தமக்கையார் கலியாணத்தில் அந்த இடத்தில் ஒரு சொல்லை விட்டுவிட்டுப் பாடி, வந்திருந்த பாகவதரிடம் பேச்சு வாங்கினாராம். பேரன் விடுபட்ட சுற்றை முதல் தகட்டிலிருந்து எடுத்து ஒட்டட்டுமா என்று கேட்டான்.

"இரண்டாவது பதிப்பில் ஒட்டு. முதலாவதில் அக்காவை விட்டுவை" என்றார் பெரியவர்.

நான் புறப்படும்போது இரண்டு பிளேட்டுகள் முடிந்திருந்தன. பெட்டியில் நாற்பத்தொன்று பாக்கி.