வறட்சியில் பயிருக்குத் துணை நிற்கும் இளஞ்சிவப்பு நுண்ணுயிர்

மெத்தனால் என்றாலே கள்ளச்சாராயச் சாவுதான் பலருக்கு நினைவு வரும். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது. அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய மண்ணூர்பேட்டை போன்ற இடங்களில் அது வர்ணத்துக்கும் வார்னிஷுக்கும் உரிய கரைப்பான். இந்த நச்சுச் சாராயத்தை ஒவ்வொரு பயிரின் இலையும் நாள்தோறும் சிறிதளவு வெளிவிடுகிறது. அதைத் தின்றே வாழும் ஒரு நுண்ணுயிரும் இலையின் மேலேயே குடியிருக்கிறது. மழை பொய்க்கும் காலத்தில் பயிரைக் காக்க, கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இந்த நுண்ணுயிரைத் திரவமாக்கி விவசாயிகளுக்கு வழங்குகிறது.

இலையில் மெத்தனால் எப்படி வந்தது?

இலை வளரும்போது அதன் செல் சுவர்கள் விரிந்து கொடுக்க வேண்டும். சுவரில் உள்ள பெக்டின் என்னும் பொருள் அப்போது மாற்றம் அடைகிறது. அந்த மாற்றத்தில் பிரியும் மெத்தனால், இலைத்துளைகள் வழியே வெளியேறுகிறது. இளந்தளிரில் இது அதிகம். முற்றிய இலையில் குறைவு. காலையில் இலைத்துளைகள் திறக்கும் வேளையில் மிகுதியாக வெளிவரும்.

இதை உண்டு வாழ்வது மெத்தைலோபாக்டீரியம். விவசாயிகளிடையே இதற்குப் 'பி.பி.எப்.எம்.' என்று பெயர். ஆய்வுக்கூடத்தில், மெத்தனாலை மட்டுமே உணவாகக் கொண்ட ஊட்டக் கூழின் மேல் ஓர் இலையை ஒற்றி எடுத்தால், சில நாட்களில் அந்த இலையின் வடிவத்திலேயே இளஞ்சிவப்புப் புள்ளிகள் முளைத்து நிற்கும். கடும் வெயிலைத் தாங்க இந்த நிறமி நுண்ணுயிருக்கு உதவுகிறது.

உண்ட வீட்டுக்குக் கைம்மாறு

மெத்தனால் மனித உடலுக்குள் போனால் பார்மால்டிஹைடாகவும், பிறகு பார்மிக் அமிலமாகவும் மாறும். கண் பார்வையையும் உயிரையும் பறிப்பது இந்த அமிலமே. நுண்ணுயிரின் உடலிலும் முதலில் உண்டாவது பார்மால்டிஹைடுதான். ஆனால் அதைத் தேங்க விடாமல் உடனுக்குடன் தன் உடல் வளர்ச்சிக்குப் பயன்படுத்திக் கொள்ளும் திறன் அதற்கு உண்டு.

உண்ட இடத்துக்கு அது உதவியும் செய்கிறது. சைட்டோகைனின், ஆக்சின் ஆகிய வளர்ச்சி ஊக்கிகளைச் சுரந்து பயிருக்குத் தருகிறது. இதனால் இலை பச்சை மாறாமல் நிற்கிறது. முளைப்பும் நாற்றின் வீரியமும் கூடுகின்றன. கோ 47 நெல்லில் செய்த சோதனை 2004-லும், கோ 86032 கரும்பில் செய்த சோதனை 2005-லும் வெளியாயின. நெல்லில் வளர்ச்சி கூடியதோடு, இலை உறை கருகல் நோயை எதிர்க்கும் தன்மையும் தூண்டப்பட்டதாகக் கண்டனர்.

தொழிற்சாலைத் தொட்டியில்

இலையில் நடக்கும் வேலையைப் பெரிய தொட்டியிலும் நடத்தலாம். இங்கிலாந்தில் பில்லிங்ஹாம் என்னும் ஊரில் ஐ.சி.ஐ. நிறுவனம், இயற்கை எரிவாயுவில் இருந்து செய்த மெத்தனாலில் நுண்ணுயிரை வளர்த்து, அதை உலர்த்திப் 'புரூட்டீன்' என்ற பெயரில் கால்நடைத் தீவனமாக விற்றது. அந்த நுண்ணுயிருக்குள் வேறொரு பாக்டீரியாவின் மரபணுவைப் புகுத்தி, அதே அளவு மெத்தனாலில் கூடுதல் புரதம் எடுக்கும் முயற்சியும் 1980-ல் வெளியாயிற்று. தொழில்நுட்பம் வென்றது, விலை தோற்றது. சோயாப் புண்ணாக்கு மலிவாகக் கிடைக்கவே, ஆலை மூடப்பட்டது.

நம் நாட்டில் இம்முயற்சி வேறு வழியில் வெற்றி கண்டது. மெத்தனாலை உண்ணும் ஒருவகை ஈஸ்டில் மரபணுவைச் சேர்த்து, மஞ்சள் காமாலை 'பி' தடுப்பூசியை ஐதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் 1997-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவரை வெளிநாட்டுச் சரக்காக எட்டாத விலையில் இருந்த ஊசி, ஏழைக்கும் எட்டியது.

அடுத்த படியாக, மெத்தனாலைத் தொடாத ஈ.கோலை பாக்டீரியாவையே அதைத் தின்னப் பழக்கியுள்ளனர். பார்மால்டிஹைடு தேங்கி பாக்டீரியா மடிவதே இதில் பெரும் தடையாக இருந்தது. 2020-ல் தைவான், அமெரிக்க விஞ்ஞானிகள் அதைக் கடந்து, மெத்தனாலை மட்டுமே உண்டு வாழும் ஈ.கோலையை உருவாக்கினர். சுவிட்சர்லாந்தின் சூரிச் ஆய்வாளர்கள் அவ்வகைப் பாக்டீரியாவைக் கொண்டு லாக்டிக் அமிலமும், மக்கும் பிளாஸ்டிக்குக்கான மூலப்பொருளும் செய்து 2024-ல் காட்டினர். இவை இன்னும் ஆய்வுக்கூட அளவில் உள்ளவை. விவசாயிக்கு வரும் புட்டியில் இருப்பது இப்படி மாற்றியமைத்த உயிர் அன்று. இயற்கையில் உள்ள நுண்ணுயிரே.

பயன்படுத்தும் முறை

விதைக்கு: 1 சதவீதக் கரைசலில், அதாவது லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி கலந்து, விதையை 5 முதல் 10 நிமிடம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதைக்கலாம்.

இலைவழித் தெளிப்பு: இதற்கும் 1 சதவீதக் கரைசல்தான். 10 லிட்டர் தெளிப்பானுக்கு 100 மில்லி போதும். பயிரின் முக்கிய வளர்ச்சிப் பருவங்களில், அல்லது 30 முதல் 40 நாள் இடைவெளியில், இலை நன்கு நனையக் காலையிலோ மாலையிலோ தெளிக்க வேண்டும். நல்ல முறையில் கையாண்டால் விளைச்சல் சுமார் 10 சதவீதம் கூடும் என்பது பல்கலைக்கழகத்தின் கணிப்பு.

கவனிக்க வேண்டியவை

இது உயிருள்ள சரக்கு. வெயிலில் வைத்தால் வீணாகும். வாங்கும்போது காலாவதி நாளைப் பார்க்க வேண்டும். பூச்சி மருந்து, பூசண மருந்துடன் கலக்கக் கூடாது. மருந்து அடித்திருந்தால் 7 முதல் 10 நாள் விட்டுத் தெளிக்கலாம். மருந்து அடித்த தெளிப்பானை நன்கு கழுவிய பிறகே இதற்குப் பயன்படுத்த வேண்டும்.

வாடத் தொடங்கும் பயிருக்கு இது சில நாள் தாக்குப்பிடிக்கும் தெம்பைத் தரும். சருகாகிப் போன பயிரை மீட்காது. எருவுக்கும் தண்ணீருக்கும் ஈடாகாது. முதல் முறை தெளிப்பவர்கள் வயலில் ஒரு பாத்தியை மட்டும் தெளிக்காமல் விட்டு, அறுவடையில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. செலவுக்கு ஏற்ற வரவு உண்டா என்பது அதில் தெரிந்துவிடும்.

மெத்தனாலையே தெளிக்கலாமா?

கூடாது. 1992-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் மெத்தனால் தெளித்த பயிர் செழித்ததாக நோனோமுரா, பென்சன் என்னும் இரு விஞ்ஞானிகள் அறிவித்தனர். மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது பெரும்பாலும் அந்தப் பலன் கிட்டவில்லை. உரிமம் இல்லாமல் மெத்தனாலை வாங்கி வைப்பது குற்றம்; வீட்டில் இருந்தால் உயிருக்கும் ஆபத்து. 'பயிர் ஊக்கி' என்று சொல்லி யார் விற்றாலும் வாங்க வேண்டாம்.

எங்கே கேட்கலாம்?

மண்ணூர்பேட்டை, அம்பத்தூர் பக்கத்து வயல்கள் பெரும்பாலும் பட்டறைகளாகவும் மனைகளாகவும் ஆகிவிட்டன. அங்கே மாடித் தோட்டம் போடுவோருக்கும் இந்தத் திரவம் பயன்படும். பூந்தமல்லிக்கு மேற்கே நெல், நிலக்கடலை, காய்கறி பயிரிடுவோர் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் விவரம் கேட்கலாம். மற்ற மாவட்ட விவசாயிகள் அருகில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ, கோவை பல்கலைக்கழகத்தின் வேளாண் நுண்ணுயிரியல் துறையையோ அணுகலாம்.