ஜவ்வரிசித் தண்ணியில அடுப்பு எரியுது!

பாயசத்துலயும் வடாத்துலயும் போடுற ஜவ்வரிசி எந்தச் செடியில காய்க்குது? எதுலயும் இல்லை! மரவள்ளிக்கிழங்கு மாவுல செய்யறது. தி.நகர்ல எங்க சித்தி வாங்கின பாக்கெட்டுலயும் 'சேலம்' என்றுதான் போட்டிருந்தது.

சேலம், நாமக்கல் பக்கம் உள்ள சேகோ ஆலைகளில் கிழங்கைத் தோல் உரித்து அரைத்து, அந்தப் பாலைத் தொட்டியில் தெளிய விடுவார்கள். மாவு அடியில் தங்கும். மேலே நிற்கும் தண்ணீர்தான் கழிவு. மிச்ச மாவுச்சத்து இருப்பதால் அது புளித்து நாறும். ஓடையில் விட்டால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன் செத்துப்போகும். பக்கத்துக் கிணறும் கெடும்.

அதையே காற்றுப் புகாத தொட்டியில் அடைத்தால்? சாண எரிவாயுக் கலனில் இருப்பது போன்ற நுண்ணுயிரிகள் அந்தச் சத்தைத் தின்று மீத்தேன் வாயு தரும். அதை விறகுக்குப் பதிலாக எரிக்கலாம், ஜெனரேட்டரும் ஓட்டலாம். சேலம் பக்கத்து ஆலைகள் பலவற்றில் இப்படிச் செய்கிறார்கள். மூடாத குட்டையில் விட்டால் அதே மீத்தேன் மேலே போய் பூமியைத்தான் சூடாக்கும்.

ஆனா ஒண்ணு. தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் முழுசா சுத்தமாகி விடாது. இன்னும் சுத்திகரித்த பிறகுதான் வயலுக்கு விடணும்.

நம்ம சத்துணவுக் கூடத்துல வடிக்கிற கஞ்சியிலும் இதே மாவுச்சத்துதான் இருக்கு. அது சாக்கடைக்குப் போகணுமா? யோசிங்க!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி