பாட்டுக்கு மனமிறங்கும் ஒட்டகம்

மார்ச் மாதம். மங்கோலியாவின் கோபி பாலைவனத்தில் ஒட்டகங்கள் குட்டி ஈனும் பருவம். குளிர் விடவில்லை, புழுதிக் காற்றும் ஓயவில்லை. தலையீற்று ஒட்டகம் ஒன்று, நெடுநேரம் வலியில் துவண்டு, கீழே விழுந்த குட்டியை முகர்ந்துகூடப் பார்க்காமல் விலகிப் போகிறது. குட்டி தள்ளாடித் தள்ளாடி மடியைத் தேடி வந்தால் ஒரு உதை. சீம்பால் கிடைக்காத குட்டி அதிக நாள் தாங்காது. நம் ஊராக இருந்தால் கால்நடை மருத்துவருக்கு போன் போகும். கோபியின் மேய்ச்சல்காரர்கள் காலங்காலமாக ஆள் அனுப்பியது பாட்டுக்காரருக்கு.

விடியற்காலையிலோ அந்தி சாயும் நேரத்திலோ தாயையும் குட்டியையும் அருகருகே கட்டுகிறார்கள். ஒருவர் குதிரைத் தலை செதுக்கிய மோரின் கூர் என்ற இரண்டு நரம்பு வாத்தியத்தை வாசிக்கிறார். அது இல்லாத இடத்தில் புல்லாங்குழல். பெரும்பாலும் வீட்டுப் பெண் ஒருவர் ஒட்டகத்தின் கழுத்தையும் விலாவையும் வருடிக்கொண்டே பாடுகிறார். பாட்டில் அதிகம் வார்த்தை கிடையாது. ‘ஹூஸ், ஹூஸ்’ என்ற ஒரே சொல் இழுத்து, மடக்கி, தணித்துத் திரும்பத் திரும்ப வரும். இடையிடையே குட்டியை மடியருகே கொண்டுவந்து ஊட்டவிட்டுப் பார்ப்பார்கள். தாய் முரண்டு பிடித்தால் மறுபடி முதலிலிருந்து பாட்டு. இளகும் தாய் குட்டியை முகர ஆரம்பிக்கும், அதன் பிறகு கால் அகற்றிப் பால் கொடுக்கும். தாயை இழந்த குட்டியை, குட்டியை இழந்த வேறொரு ஒட்டகத்திடம் சேர்க்கவும் இதே சடங்குதான்.

கருணையைப் பாடும் நாட்டுப்பாடல்கள் உலகெங்கும் இருக்கின்றன. மாட்டை, மரத்தை, மழையை நினைத்து மனிதர்கள் மனிதர்களுக்குப் பாடிக்கொள்வார்கள். இந்தப் பாட்டு அப்படியல்ல. கேட்க வேண்டியது ஒட்டகம். கைதட்டலுக்கு இங்கே வேலையில்லை. பாட்டு எடுபட்டதா இல்லையா என்பதை மடி சொல்லிவிடும்.

செம்மறி ஆட்டுக்குச் சொல் வேறு. ‘டோய்க், டோய்க்’ என்று பாடுவார்கள். வெள்ளாட்டுக்கு ‘சீக், சீக்’. எந்த விலங்கு எந்த ஒலிக்கு அடங்கும் என்பது தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் பழகிய அறிவு. ஆனால் ஒட்டகத்துக்கான பாட்டுதான் சடங்காகவே வளர்ந்திருக்கிறது. காரணம் எளிது. இரட்டைத் திமில் ஒட்டகம் சுமார் 13 மாதம் சினை சுமக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒரு குட்டி என்பதே பெரும்பாலும் கணக்கு. ஒரு குட்டி போனால் இரண்டு வருடம் போனதாக அர்த்தம். பால், ரோமம், சுமை வண்டி எல்லாமே அந்த ஒரு பிராணிதான். ஆகவே இதில் சுயநலமே இல்லை என்று சொன்னால் அது பொய். பிழைப்பும் பரிவும் அங்கே ஒரே கயிற்றின் இரண்டு புரிகள்.

நம் பக்கத்தில் கன்று செத்துப்போனால் தோலை உரித்து, வைக்கோல் திணித்து, பசுவின் முன்னால் நிறுத்திப் பால் கறக்கும் வழக்கம் இருந்தது. பசு அந்தப் பொய்க் கன்றை நக்கிக்கொண்டே சுரக்கும். இரண்டு ஊரிலும் நோக்கம் பால்தான். நாம் தாயை ஏமாற்றினோம், அவர்கள் தாயிடம் மன்றாடுகிறார்கள். எது மேல் என்பதில் இந்தக் கட்டுரைக்குச் சந்தேகமில்லை.

உடலியலும் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. பால் இறங்குவதற்கும், தாய் தன் குட்டியோடு ஒட்டுவதற்கும் துணை செய்வது ஆக்சிடோசின் என்ற ஹார்மோன். பயமும் வலியும் பதற்றமும் அதைத் தடுக்கும். தாழ்ந்த குரல், ஒரே சீரான ஓசை, வருடும் கை, மூக்கருகே குட்டியின் வாசம் என்று இந்தச் சடங்கு செய்வதெல்லாம் பதற்றத்தைக் குறைக்கும் காரியங்களே. பாட்டின் முடிவில் ஒட்டகம் கண்ணீர் விடும் என்பார்கள். மணற்காற்றில் வாழும் பிராணிக்குக் கண்ணில் நீர் வர சோகம் தேவையில்லை, கண்ணீரை விட்டுவிடலாம். குட்டி பால் குடிப்பது போதும்.

வாசிக்கும் கருவிக்கே ஒரு துயரக் கதை உண்டு. நம்ஜில் என்பவனிடம் சிறகு முளைத்த குதிரை ஒன்று இருந்ததாம். பொறாமை கொண்ட ஒருத்தி சிறகை அறுத்துவிட, குதிரை செத்தது. அழுது தீராத நம்ஜில் அதன் எலும்பு, தோல், வால் மயிர் கொண்டு செய்ததுதான் முதல் மோரின் கூர் என்பது மங்கோலியர் சொல்லும் கதை. கதை எப்படியோ, நரம்புகள் குதிரை வால் மயிரில்தான் செய்யப்பட்டன. இப்போது நைலானும் புழங்குகிறது.

இயற்கைக்கும் அங்கே பாட்டு உண்டு. மேற்கு மங்கோலியாவில் வீரகாவியம் பாடுபவர்கள் முதலில் அல்தாய் மலையைப் புகழ்ந்து பாடிவிட்டுத்தான் கதைக்குள் நுழைவார்கள். ஒரே தொண்டையில் இரண்டு சுரம் எழுப்பும் ஹூமி பாட்டு காற்றையும் ஓடும் நீரையும் போலச் செய்து பிறந்தது என்பார்கள்.

ஒட்டகப் பாட்டை உலகம் அறிந்தது ஒரு மாணவப் படத்தால். உலான்பத்தாரில் பிறந்த பியாம்பாசுரென் தவாவும் இத்தாலியரான லூயிஜி ஃபலோர்னியும் ஜெர்மனியின் மியூனிக் திரைப்படப் பள்ளியில் படிக்கும்போது எடுத்த ‘அழும் ஒட்டகத்தின் கதை’ 2003இல் வெளிவந்தது. வெள்ளைக் குட்டி ஒன்றைத் தாய் ஒதுக்கிவிட, அந்த வீட்டுச் சிறுவர்கள் இருவர் ஒட்டகமேறிப் போய் வாத்தியக்காரரை அழைத்துவரும் கதை. வாசிக்கும் முன் மோரின் கூரை ஒட்டகத்தின் திமிலில் தொங்கவிடுகிறார்கள். காற்று பட்டு நரம்பு தானே ரீங்கரிக்கிறது. படத்தின் மிகச் சிறந்த நிமிடம் அது. 2005இல் படம் ஆஸ்கர் ஆவணப்படப் பிரிவின் இறுதிப் பட்டியல்வரை போனது. பரிசு, கொல்கத்தாவின் பாலியல் தொழிலாளர்களுடைய பிள்ளைகளைப் பற்றிய படத்துக்குக் கிடைத்தது.

ஆனால் படத்துக்குக் கிடைத்த புகழ் பாட்டுக்கு உதவவில்லை. 2015இல் நமீபியாவில் கூடிய யுனெஸ்கோ குழு, உடனடியாகக் காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் இதைச் சேர்த்தது. மேய்ச்சல் குடும்பங்கள் நகரத்துக்குக் குடிபெயர்கின்றன. நாட்டின் மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் உலான்பத்தாரில்தான் இருக்கிறார்கள். சுமை தூக்க மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. 1990இல் 5 லட்சத்துக்கு மேல் இருந்த ஒட்டகங்கள் 2000களின் தொடக்கத்தில் சுமார் இரண்டரை லட்சமாகச் சரிந்தன. பிறகு மீண்டு 4 லட்சத்தைத் தாண்டிவிட்டன. ஒட்டகம் திரும்பியது, பாடத் தெரிந்தவர்கள் அதே வேகத்தில் திரும்பவில்லை.

இதற்கு மேல் ‘ட்ஸுட்’ என்ற கொடும் பனிக்காலம். புல்லைப் பனி மூடிவிட, கால்நடைகள் நின்ற இடத்திலேயே பட்டினியிலும் குளிரிலும் சாகும். 2009–10 குளிர்காலத்தில் 80 லட்சத்துக்கும் மேல் செத்தன. 2023–24இல் 70 லட்சத்துக்கும் மேல். மந்தையை இழந்தவர் நகரத்துக்குப் பஸ் ஏறுகிறார். அவரோடு பாட்டும் ஏறிவிடுகிறது, இறங்கும் இடத்தில் அதைக் கேட்க ஒட்டகம் இல்லை. மேடையில் பாடிக் காப்பாற்றக்கூடிய கலை அல்ல இது. மேய்ச்சல் நிலமும் மந்தையும் நிலைத்தால்தான் பாட்டும் நிலைக்கும். பட்டியலில் சேர்த்ததோடு கடமை முடிந்தது என்று எந்த அரசும் நினைக்க முடியாது.

‘அழும் ஒட்டகத்தின் கதை’ சுமார் ஒன்றரை மணி நேரப் படம். வசனம் குறைவு, மொழி தெரியாதது ஒரு தடையே இல்லை. கிடைத்தால் வீட்டுப் பிள்ளைகளையும் உட்காரவைத்துப் பாருங்கள்.